ஏழு ஒன்றுகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்கு மூலம் ஒரு லாரி.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போன லாரியின் நம்பர் 1111. கையில் புத்தகம் இல்லாதபோது கண்ணில் படுகிற எண்களைப் பிரித்துப் பார்ப்பது, கல்லூரியில் கணிதம் படித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். 1111 சுலபம், 11ஐ 101ஆல் பெருக்கினால் வந்துவிடும். மனதுக்குள் இன்னொரு ஒன்றைச் சேர்த்தேன். 11,111. அது 41 பெருக்கல் 271. கொஞ்சம் வேர்த்தது. இன்னொன்று. 1,11,111. அதை 3, 7, 11, 13, 37 என்று ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இன்னும் ஒன்று சேர்த்தேன். 11,11,111.

அங்கே மாட்டிக்கொண்டேன். 3 இல்லை. 7 இல்லை. 11, 13, 17, 19, எதுவும் இல்லை. திருமயம் கோட்டை தெரிந்தபோது நான் 53இல் இருந்தேன். இறங்கி, போன காரியத்தைப் பார்த்தேன். ஆனால் தலைக்குள் அந்த ஏழு ஒன்றுகளும் பந்தலுக்கு நட்ட ஏழு கம்புகள் மாதிரி நின்றுகொண்டே இருந்தன.

பந்தல் என்று நினைத்ததும் கதை வந்துவிட்டது. கல்யாணத்தில் முடிகிற கதைகளாகவே எழுதிப் பழகிய கை என்னுடையது. இந்த எண்ணை யாராலும் பிரிக்க முடியாது என்று நம்பி ஒரு குடும்பம் நிச்சயதார்த்தத்துக்கு வந்தால்? பெண்ணுக்கு அதைப் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால்?

2

தொடக்கங்கள்.

முதலாவது: "1943ஆம் ஆண்டு, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை காலை, திருமயத்திலிருந்து கிளம்பிய கரி கேஸ் பஸ் நமணசமுத்திரம் தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினார்..."

[யுத்தக் காலம். பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டிக் கரி எரித்து ஓட்டினார்கள். எனக்குப் பிடித்த காட்சிதான். ஆனால் பஸ் நின்றால் வாசகரும் அல்லவா நின்றுவிடுகிறார்.]

இரண்டாவது: "மீனம்மாள் செதுக்கி வைத்த சிலை போல"

வேண்டாம். எந்தப் பெண்ணும் வகுத்தல் கணக்குப் போடும்போது சிலை போல இருப்பதில்லை. நாக்கின் நுனி வெளியே தெரியும்.

மூன்றாவது, இதை வைத்துக்கொள்கிறேன்:

மீனம்மாளுக்குச் சுற்றி வருகிற எண்கள் பிடிக்கும். ஒன்றை ஏழால் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு 142857, மறுபடி 142857 என்று ஆறு இலக்கங்கள் செக்கு மாடு மாதிரி சுற்றும். மொச்சை உரிக்கும்போதும், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் அப்பா செல்லமுத்து வைத்திருந்த கயிறு, சாக்குக் கடையில் காவல் உட்கார்ந்திருக்கும்போதும், அவள் எந்த எண் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பதினேழு வயதில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். திருச்சியில் இண்டர்மீடியட் கணிதத்துக்கு இடமும் கிடைத்திருந்தது.

இடம் கிடைத்த அதே வாரம் மாப்பிள்ளையும் கிடைத்துவிட்டான்.

3

மாப்பிள்ளை பெயர் ஆவுடையப்பன். திருமயம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று, பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டே, "ஒங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டான். அப்படிக் கேட்கிற மாப்பிள்ளையை அந்தத் தெருவே பார்த்ததில்லை.

"கணக்கு" என்றாள் மீனம்மாள்.

"எனக்குக் கணக்குன்னா காய்ச்சல் வரும். நீங்க போடுங்க, நான் தள்ளி நின்னு பாக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவன் திருமயம் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனான். ஆக, மீனம்மாளுக்கு மாப்பிள்ளையும் வேண்டும், திருச்சியும் வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மருதாயி ஆவணியிலேயே கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். "இம்புட்டுப் படிச்சது பத்தாதாக்கும்? கல்யாணத்தை ரெண்டு வருசம் கெடப்புல போட்டா ஊரு என்ன பேசும்?"

செல்லமுத்துவுக்கு மகளைப் படிக்க வைக்க ஆசைதான். ஆனால் சம்பந்தி வீட்டில் போய்க் கேட்க வாய் வரவில்லை. "நல்ல எடம்த்தா. நான் போயிக் கேட்டு, அவுக மொகம் சுளிச்சுட்டா?" என்று மகளிடமே கேட்டார்.

இருந்த வழி ஒன்றே ஒன்று. அது மாப்பிள்ளை வீட்டாரின் சொந்த வழக்கத்திலேயே இருந்தது.

4

அந்த வழக்கம்.*

நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஓர் எண்ணை மனதில் கொண்டுவருவார். பெண் வீட்டு மணைப்பலகையில் அதை மஞ்சளைக் குழைத்து எழுதுவார். மிச்சமில்லாமல் எதனாலும் பிரித்துப்போட முடியாத எண்ணாக அது இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பகா எண் என்போமே, அது. அந்த எண்ணைப் போலவே தம்பதி பிரியாமல் இருப்பார்கள் என்று ஐதீகம். பெண் வீட்டார் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பிரித்துப் பார்க்கலாம். பிரித்துவிட்டால், பெண் கேட்கிற ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் மறுக்காமல் தர வேண்டும். முதல் பந்தி எழுகிற வரைக்கும் அவகாசம். எண் போட்டவர் அதுவரை சாப்பிடக் கூடாது.

யாரும் பிரித்ததில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் எண் தேர்ந்தெடுக்க ஒரு விதி உண்டு: "நூறு வரைக்கும் ஒவ்வொண்ணா வகுத்துப் பாரு. எதுலயும் அடங்கலேன்னா எடுத்துக்க." தாத்தா சொன்னது, அப்பா சொன்னது, இப்போது பெரியப்பா மலையாண்டி சொல்வது.

[* இது நானாகக் கட்டிய வழக்கம். புதுக்கோட்டைப் பக்கத்தில் எந்த வீட்டிலும் போய்த் தேடாதீர்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் யார் பந்தி போடுவார்கள் என்று என் அம்மா கேட்பாள். அதற்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸை நமணசமுத்திரத்தில் நிறுத்தினேன். பஸ் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை; வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு மணி வரை தட்டு மாற்ற முடியாது. வந்தவர்களோ விடியற்காலையில் கிளம்பியவர்கள், பசி. அம்மா, சரிதானே?]

"அதுக்குள்ள பந்தியைப் போட்டுருங்க சம்பந்தி" என்றார் மலையாண்டி. "எண்ணுக்கு ராகுகாலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாது. பலகையைக் கொண்டாங்க."

வழக்கமாக மூன்று இலக்கம், மிஞ்சினால் நான்கு இலக்கம் எழுதுவார்கள். அன்றைக்கு மலையாண்டி எழுதிக்கொண்டே போனார். ஒன்று, ஒன்று, ஒன்று. கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஏழு ஒன்றுகள் வரிசையாக மஞ்சளில் பளபளத்தன.

"பொண்ணு கணக்குல கெட்டின்னு கேள்விப்பட்டேன்" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "கெட்டிக்காரிக்குச் சின்னதா எழுதுனா மரியாதையா? மொய் வச்சாக்கூடக் கடைசியில ஒண்ணு வச்சுத்தானே குடுக்கிறோம். இதுல மொதலும் ஒண்ணு, கடைசியும் ஒண்ணு, நடுவுலயும் ஒண்ணு. நூறு வரைக்கும் ஒண்ணு விடாம வகுத்துட்டேன். ஒரு மாசம் ஆச்சு. எங்கிட்டுப் போனாலும் மிச்சந்தான்."

5

இங்கே ஆவுடையப்பனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவன் ரொம்ப நல்லவனாக இருக்கிறான். இவனை என்ன செய்வது?

முதல் பிரதியில் அவனுக்கு விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பெரியப்பாவின் எண்ணை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கச்சேரியில் யாரையோ பிடித்துக் கணக்குப் போட்டு, கூடத்திலிருந்து மீனம்மாளுக்கு விரல்களால் சாடை காட்டுகிறான். இரண்டு விரல், பிறகு மூன்று, பிறகு

அடித்துவிட்டேன். அவன் சாடை காட்டி அவள் ஜெயித்தால் அந்த ஜெயம் யாருடையது? தவிர, கணக்கென்றால் காய்ச்சல் வரும் என்றவன் வாக்கை நான் ஏன் பொய்யாக்க வேண்டும்? அவனுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றால் அவன் உதவட்டும். அவனுக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். நன்றாகச் சாப்பிடத் தெரியும்.

சரி, அது வருகிறது.

6

சமையல்கட்டில் மீனம்மாள் பட்டுப்புடவையோடு வாழை இலைக் கட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காகிதப் பஞ்சம், எழுதிப் பார்க்க வேறெதுவும் இல்லை. ஓர் இலையை மடியில் வைத்து ஈர்க்குச்சியால் கீறினாள். கீறிய இடம் கறுத்து எழுத்து நின்றது.

"எலையைக் கிழிச்சுப்புடாதடி, எண்ணித்தான் வெட்டுனது" என்றாள் அம்மா காத்தாயி, ரசத்தை இறக்கிக்கொண்டே.

"கிழிக்கலம்மா, கீறுறேன்."

"கீறுறதுக்கும் கிழிக்கிறதுக்கும் என்னடி வித்தியாசம்?"

"கீறுன எலையில சாப்பிடலாம்."

காத்தாயிக்கு அதற்குமேல் பேச நேரம் இல்லை.

மீனம்மாள் முதலில் நூறு என்ற விதியைத்தான் பார்த்தாள். நூறு வரை ஏன்? ஓர் எண் இரண்டாகப் பிரிந்தால், அந்த இரண்டில் சின்னது ஒரு வரம்புக்குள்தான் இருக்கும். இரண்டுமே நூறைத் தாண்டினால் பெருக்கல் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆக, பத்தாயிரத்துக்குள் இருக்கிற எண்ணுக்கு நூறு வரை வகுத்தால் போதும். அந்த வீட்டுத் தாத்தா புத்திசாலிதான். அவர் காலத்து எண்கள் எல்லாம் பத்தாயிரத்துக்கு உள்ளே. விதி வம்சத்தில் தங்கிவிட்டது. காரணம் மட்டும் நடுவில் எங்கோ இறங்கிப் போய்விட்டது. பதினோரு லட்சத்துக்கு நூறு எப்படிக் காணும்? ஆயிரத்து ஐம்பத்தைந்தை அதே எண்ணால் பெருக்கினால்தான் இந்த எண்ணைத் தாண்டும்; ஆக, ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை போக வேண்டும்!

கதவு பூட்டவில்லை, சாத்தித்தான் இருக்கிறது.

ஆனால் ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை நூற்றெழுபத்தேழு பகா எண்கள் இருக்கின்றன. கூடத்தில் இலை போட ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக வகுத்தால் பந்தி என்ன, ஆடியே முடிந்துவிடும்.

ஈர்க்குச்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். [நாக்கு நுனி வெளியே. சொன்னேன் அல்லவா?]

அப்போதுதான் அவளுடைய செக்கு மாடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

7

இந்த ஒரு பகுதியில் மட்டும் கொஞ்சம் கணக்கு வருகிறது. தாண்டிப் போகிறவர்கள் 8க்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கதையின் தாலி இங்கேதான் கட்டப்படுகிறது.

ஒன்றை 7ஆல் வகுத்தால் ஆறு இலக்கம் சுற்றும். 13ஆல் வகுத்தாலும் ஆறு. 37ஆல் வகுத்தால் மூன்று. 41ஆல் வகுத்தால் ஐந்து. மொச்சை உரித்த நாட்களில் மீனம்மாள் ஒன்றைக் கவனித்திருந்தாள். பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்: 6, 12, 36, 40. சுற்றின் நீளம் எப்போதும் அதற்குள் மிச்சமில்லாமல் அடங்குகிறது. ஆறு பன்னிரண்டில் அடங்கும். மூன்று முப்பத்தாறில் அடங்கும். ஐந்து நாற்பதில் அடங்கும்.

இப்போது திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு பகா எண் 11,11,111ஐப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மடங்கான 99,99,999ஐயும் அது பிரிக்கும். 7 ஆறு ஒன்பதுகளைப் பிரிப்பதால்தான் ஆறு இலக்கம் சுற்றுகிறது; அதுபோல ஏழு ஒன்பதுகளைப் பிரிக்கிற எண்ணால் ஒன்றை வகுத்தால் ஏழு இலக்கம் சுற்றும். ஏழு சுற்றினால், அந்த எண்ணில் ஒன்றைக் கழித்ததில் ஏழு அடங்க வேண்டும். அது ஒற்றைப்படை எண் என்பதால் கழித்தது இரட்டைப்படை. ஆக, பதினான்கே அடங்க வேண்டும்.

அதாவது, பதினான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். மற்ற அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பிவிடலாம்.

29. 43. 71. 113. 127. 197. 211. 239...

நூற்றெழுபத்தேழு பேர் இருந்த கூட்டம் கையளவாகச் சுருங்கிவிட்டது. மீனம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னடி?" என்றாள் காத்தாயி.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

[ கணித அறிஞர்கள் இதை எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். மீனம்மாளுக்கு அது தெரியாது. அவளுக்கு இது மொச்சையோடு சேர்ந்து கிடைத்தது.]

8

மலையாண்டி நூறு வரை வகுத்துவிட்டார் என்றாலும், தன் கையால் வகுக்காததை மீனம்மாள் நம்பமாட்டாள். 29ஆல் ஓர் இலையில் வகுத்தாள். மிச்சம் 5. 43ஆல் இன்னோர் இலையில். மிச்சம் 34. இலைகளை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். 71ஐ முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஓரத்தில் வைத்த இரண்டு இலைகளும் இல்லை. காத்தாயி தண்ணீர் தெளித்துக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தாள்.

பந்தி உட்கார்ந்துவிட்டது.

கூடத்தில், பெண்கள் வரிசையின் தலைமாட்டில் மருதாயி தன் இலையை உற்றுப் பார்த்தாள். "இது என்ன, எலையெல்லாம் கிறுக்கி வச்சிருக்கு? நாப்பத்து மூணாம். பூச்சி அரிச்ச மாதிரி." பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் காத்தாயி அதன்மேல் சோற்றைப் போட்டுவிட்டாள்.

எதிர் வரிசையில் இருந்த ஆவுடையப்பன் குனிந்து தன் இலையைப் பார்த்தான். 29 என்று இருந்தது. கீழே நீளமாக ஒரு வகுத்தல். கடைசியில் 5. அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் யார் எழுதியது என்று புரிந்தது. உள்ளே ஒருத்தி போராடிக்கொண்டிருக்கிறாள் என்பதும் புரிந்தது.

பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழக் கூடாது. அது மரியாதை. ஆவுடையப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான்.

"சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை."

உள்ளே 113. மிச்சம்.

"ரசத்துக்குச் சோறு வைங்க. அப்படியே பொரியலும்."

127. மிச்சம்.

மற்றவர்கள் மோர் குடித்து முடித்துவிட்டார்கள். ஆவுடையப்பன் மறுபடி சாம்பாருக்குத் திரும்பினான்.

"என்னடா தம்பி, மோருக்கப்புறம் சாம்பாரா?" என்றார் பலகைக்குப் பக்கத்தில் பசியோடு உட்கார்ந்திருந்த மலையாண்டி.

"பஸ்ஸுல வந்தது பெரியப்பா. வயிறு கபகபங்குது."

"மாப்பிள்ளை வீட்டுல கஞ்சி ஊத்துறதில்ல போலன்னு நெனைச்சுக்கிருவாகடா" என்று மருதாயி பல்லைக் கடித்தாள்.

197. மிச்சம். 211. மிச்சம், அதுவும் 196. மீனம்மாள் வகுத்ததை மேலிருந்து கீழே இன்னொரு முறை சரிபார்த்தாள். ஒருவேளை இது நிஜமாகவே பிரியாத எண்தானோ? மலையாண்டி தெரியாமலேயே சரியாக எழுதிவிட்டாரோ?

[இந்த இடத்தில் நானும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன். விடை தெரிந்த எனக்கே அப்படி இருந்தது.]

239.

1111இல் நான்கு முறை, மீதி 155. ஒன்றை இறக்கினால் 1551. ஆறு முறை, மீதி 117. ஒன்றை இறக்கினால் 1171. நான்கு முறை, மீதி 215. கடைசி ஒன்றையும் இறக்கினாள். 2151.

ஒன்பது முறை 239 எவ்வளவு?

2151.

மிச்சம் இல்லை.

9

"அம்மா, இந்த எலையைப் பெரிய மாமாவுக்குப் போடு. இப்பவே."

"அவுக பந்தி எந்திரிச்சப்புறம்ல சாப்பிடணும்?"

"சாப்பிடுறதுக்கு இல்லம்மா. படிக்கிறதுக்கு."

காத்தாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த இலையைத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மலையாண்டியின் முன்னால் விரித்தாள்.

"எனக்கு எதுக்கு இப்ப எலை? நம்ம மாப்பிள்ளைதான் இன்னும் மென்னுக்கிட்டே இருக்காரே..." என்று சிரித்தவர் குனிந்தார். சிரிப்பு நின்றது. விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டே போனார். செல்லமுத்து பழக்க தோஷத்தில் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்.

"சோறு போடாதீக!" என்று இலையின் மேல் கையை விரித்து மறைத்தார் மலையாண்டி. இன்னொரு முறை மேலிருந்து கீழே போனார். பிறகு உதடு அசையத் திருப்பிப் பெருக்கிப் பார்த்தார்.

"அடங்கிருச்சு" என்றார். "சம்பந்தி, அடங்கிருச்சுங்க! எரநூத்து முப்பத்தொன்பதுல அடங்குது. எத்தன தடவை? நாலாயிரத்து அறுநூத்து நாப்பத்தொன்பது. ஏத்தா, இங்கிட்டு வா. நூறு வரைக்கும் வகுத்தேனே, எங்க விட்டேன்?"

மீனம்மாள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கயும் விடல மாமா. நீங்க வகுத்தது எல்லாம் சரி. நூறு வரைக்குங்கிறது பத்தாயிரத்துக்குக் கீழ உள்ள எண்ணுக்கு. ஒங்க தாத்தா அப்படித்தான் வச்சிருப்பாக. நீங்க என்மேல உள்ள மரியாதையில பெரிசா எழுதிட்டீங்க."

மலையாண்டி தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு சிரித்தார். "பத்தாயிரத்துக்குக் கீழ! இத்தன வருசமா எனக்கு இது தோணலையே!"

10

இங்கே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் சிரிக்கிறார்கள், பெண் ஜெயித்துவிட்டாள்.

ஆனால் மருதாயி சிரிக்கவில்லை. கதையை நிறுத்தும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பயம் பொய்யானது அல்ல. பிரியாத எண்ணால் ஆசீர்வதிக்க வந்த இடத்தில் எண் பிரிந்துவிட்டது. அவள் பெற்ற ஒரே பிள்ளை.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: "மருதாயி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். 'இந்தச் சம்பந்தம்"

முடியவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளை மறுபடி பந்தியில் உட்கார வைத்தேன்.

"எல்லாஞ் சரி" என்றாள் மருதாயி. "பிரியாதுன்னு கொண்டாந்தது பிரிஞ்சு போச்சே. இதுக ரெண்டும் நாளைக்கு இப்படி ஆளுக்கொரு தெசையாப் போனா?"

ஆவுடையப்பன் இலையில் இருந்த கடைசிக் கவளத்தை வழித்தெடுத்த கையோடு வாசற்படியைப் பார்த்தான்.

மீனம்மாள் படி தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள்.

"அத்தை, பிரியாத எண்ணு தனி ஆளு. அதுக்குள்ள அதுவும் ஒண்ணுந்தான் இருக்கு, வேற தொணை கெடையாது. கல்யாணத்துக்கு எதுக்கு அத்தை தனி ஆளு? இந்த எண்ணுக்குள்ள சரியா ரெண்டு பேரு இருக்காக. எரநூத்து முப்பத்தொன்பது ஒருத்தரு, நாலாயிரத்து அறுநூத்து நாப்பத்தொன்பது ஒருத்தரு. ரெண்டு பேரும் சேந்தாத்தான் இந்த ஏழு ஒண்ணு வரும். வேற எந்த ஜோடியைப் பெருக்குனாலும் வராது, எந்தக் காலத்துலயும் வராது."

"அந்தப் பெரிசை நீ நாளைக்கு இன்னொரு எலையில போட்டுப் பிரிச்சுப்புட்டா?"

"பிரிக்க முடியாது அத்தை."

"எப்படிச் சொல்ற?"

"நீங்க சாப்பிட்ட எலையே சாட்சி. அந்தச் சோத்தைக் கொஞ்சம் ஒதுக்குங்க."

மருதாயி விரலால் சோற்றை ஒதுக்கினாள். சாம்பார்க் கறைக்கு அடியில் 43. கடைசியில் 34.

"நாலாயிரத்துச் சொச்சத்தைப் பிரிக்கணும்னா, இருவத்தொன்பது இல்லாட்டி நாப்பத்து மூணு, இந்த ரெண்டுல ஒண்ணாலதான் முடியும். அடுத்தது எழுவத்தொண்ணு, அதை அதாலயே பெருக்குனா அஞ்சாயிரத்தைத் தாண்டிரும், அதுனால அதுக்கு மேல பாக்க வேண்டியதில்ல. அந்த ரெண்டும் முழு எண்ணையே பிரிக்கல. அதுல ஒரு பங்கை எப்படிப் பிரிக்கும்? நாப்பத்து மூணுல மிச்சம் இருக்குன்னு ஒங்க எலையில இருக்கு. இருவத்தொன்பதுல மிச்சம் இருக்குன்னு..." அவள் நிறுத்தினாள்.

"என் எலையில இருக்கு" என்றான் ஆவுடையப்பன். வழித்துத் துடைத்து வைத்த மாதிரி இருந்த இலையைச் சுட்டிக் காட்டினான். "மிச்சம் அஞ்சு. எலையில வேற மிச்சம் எதுவும் இல்ல."

முதலில் சிரித்தது மருதாயிதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம் மகன் எலையும் என் எலையும் சேந்து சாட்சி சொல்லுதாக்கும். வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் ஒன்னைய."

"வக்கீலுக்கு வேண்டாம் அத்தை. திருச்சியில கணக்குக்கு எடம் கெடைச்சிருக்கு. ரெண்டு வருசம். கல்யாணத்தை அதுக்கப்புறம் வச்சுக்கலாம். நான் கேக்கிற ஒண்ணு அதுதான்."

சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு வராத வாய் அவளுக்கு வந்துவிட்டது.

மருதாயி பலகையைப் பார்த்தாள். ஏழு ஒன்றுகளும் மஞ்சளில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன.

"ஊரு பேசத்தான் செய்யும்" என்றாள். "பேசுனா, ஊரைக் கூப்பிட்டு ஒரு எலையைக் கையில குடு, வகுத்துக் காட்டட்டும். போயிட்டு வாத்தா. என்ன மச்சாண்டாரே, வாக்கு வாக்குதானே?"

"வாக்குத்தான்" என்றார் மலையாண்டி. "ராகுகாலம் முடிஞ்சிருச்சு, தட்டைக் கொண்டாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு வேற எலை போடுங்க சாமி, பசி உசிரு போகுது. இந்த எலையில நான் சாப்பிட மாட்டேன். இதை வீட்டுக்குக் கொண்டு போறேன்."

ஆவுடையப்பன் அப்போதுதான் பந்தியிலிருந்து எழுந்தான். எழச் சற்றுக் கஷ்டப்பட்டான்.

11

முடிவு.

எனக்கு வழக்கமான முடிவு தெரியும்: மேளம், மாலை, அட்சதை. இரண்டு வருடம் கழித்து, யுத்தம் ஓய்ந்த ஆவணியில், அது நடந்தது. இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கிய மீனம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. இதெல்லாம் உறுதி. இதில் நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் கல்யாணத்தன்று சாயங்காலம், பந்தி எல்லாம் ஓய்ந்தபின், மாப்பிள்ளை அதே மணைப்பலகையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். மஞ்சளில் எழுதியிருந்தது:

1111111111111111111

"பத்தொன்பது ஒண்ணு" என்றான். "ஒங்க வயசுக்கு ஒவ்வொண்ணு. எங்க வீட்டு வழக்கம், நானும் ஒண்ணு போடணும்ல?"

மீனம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "நூறு வரைக்கும் பாத்தீங்களா?"

"கேலியா? முப்பத்தெட்டால வகுத்தா ஒண்ணு மிஞ்சுற எண்ணா எடுத்துப் பாத்தேன். ஏழு ஒண்ணுக்குப் பதினாலுன்னு நீங்க கடுதாசியில எழுதுனீங்கல்ல, அதே மாதிரி. எண்ணூறு வரைக்கும் போனேன். அதுக்கு மேல காய்ச்சல் வந்துருச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கணக்கென்றால் தள்ளி நின்று பார்க்கிறேன் என்றவன், இரண்டு வருடத்தில் எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறான்!

"நான் பிரிச்சுட்டா?"

"நீங்க கேக்கிறது எதுன்னாலும் தாரேன்."

"பிரியலேன்னா?"

"பிரியலேன்னா இப்படியே இருப்போம்."

இந்த எண் பிரியுமா, பிரியாதா என்பது எனக்குத் தெரியும். கணிதத்தில் அதற்கு ஒரே ஒரு விடைதான். கதாசிரியர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் நான் சொல்லப்போவதில்லை. விதியைத் தந்திருக்கிறேன்: முப்பத்தெட்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்கள். பலகை அங்கே இருக்கிறது. மீனம்மாள் ஈர்க்குச்சிக்காகக் கையை நீட்டிவிட்டாள், நாக்கு நுனி வெளியே தெரிகிறது. நீங்களும் ஓர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள்.